ஒரே பையில் விழும் நாலு விதப் பணம்: தசமபாகமும் காணிக்கையும், ஓர் எளிய விளக்கம்

ஞாயிறு ஆராதனையில் காணிக்கைப் பாட்டு தொடங்கி மூன்றாவது சரணம் வருவதற்குள் சிவப்பு வெல்வெட் பை எல்லா வரிசையும் சுற்றிப் பீடத்துக்குப் போய்விடும். பையில் என்ன விழுந்தது என்று கேட்டால் எல்லாரும் ‘காணிக்கை’ என்பார்கள். ஆனால் போட்டவர்களைத் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் ‘தசமபாகம் போட்டேன்’ என்பார், அதாவது வரவில் பத்தில் ஒரு பங்கு. அடுத்தவர் ‘இந்த மாதச் சந்தா’ என்பார். மகனுக்கு வேலை கிடைத்த அம்மா ‘பொருத்தனை’ என்பார், வேண்டிக்கொண்டபடி செலுத்துவது. பின்வரிசைக்காரர் ‘கூரை வேலைக்குன்னு கவர்ல எழுதியிருந்தேனே, பார்க்கலையா?’ என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமத்துக் கிறிஸ்தவ சபையில் எட்டு வருடம் பொருளாளராக இருந்தேன். அந்த எட்டு வருடத்தில் பார்த்த பணச் சண்டைகளில் திருட்டு என்று சொல்லத்தக்கது ஒன்றுகூட இல்லை. எந்தப் பணம் எந்த வகை என்பதில் ஆளுக்கொரு எண்ணம், அதனால் வந்தவைதான் எல்லாம். ஆகவே அடியிலிருந்தே பார்ப்போம்.

## மொய், சந்தா, உண்டியல், களத்து மேடு

நாலு விதமான கொடுக்கல் நமக்கு ஏற்கெனவே தெரியும்.

கல்யாணத்தில் மொய் எழுதுகிறோம். கட்டாயமில்லை என்று பேர். ஆனால் நோட்டில் பெயரும் தொகையும் ஏறுகின்றன, நாளைக்கு அவர் வீட்டு விசேஷத்தில் அது திரும்பிப் போக வேண்டும். விவசாயிகள் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறோம். அங்கே தொகையை முன்பே தீர்மானித்திருப்பார்கள், கட்டினால்தான் ஓட்டு. உண்டியல் வேறு மாதிரி. போட்டது யார், எவ்வளவு என்பது உண்டியலுக்கே தெரியாது.

நாலாவது களத்து மேடு. என் தாத்தா காலத்தில் நெல்லை அடித்துத் தூற்றி முடித்ததும் பொலி வீட்டுக்கு வராது. முதலில் களத்திலேயே மரக்காலால் பங்கு அளப்பார்கள். தண்ணீர் பாய்ச்சினவருக்கு இவ்வளவு, காவல் காத்தவருக்கு இவ்வளவு, கலப்பை செதுக்கின தச்சருக்கும் கொழு அடித்த கொல்லருக்கும் இவ்வளவு. அவர்களுக்கு வயல் கிடையாது, ஊர் வேலைதான் அவர்கள் வயல். அந்தப் பங்கைத் தர்மம் என்று யாரும் சொன்னதில்லை.

இந்தக் களத்துப் பங்குக்கு நெருக்கமானது தசமபாகம். உண்டியலுக்கு நெருக்கமானது காணிக்கை, அதாவது அளவு குறிக்காமல் மனம்போல் கொடுப்பது. பொருத்தனையும், நன்றியாகக் கொடுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கையும் இதில் அடங்கும். சபைச் சந்தா என்பது உறுப்பினர் கட்டணம். இவை போக, இன்ன வேலைக்கு என்று சொல்லியே கொடுப்பது குறித்த நிதி. மொய்க்கு இந்த வரிசையில் இடமே இல்லை. ஆனாலும் நம் சபைகளில் பணம் வாங்கும் விதம் பல சமயம் மொய் மாதிரித்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

## பத்தில் ஒன்று எங்கிருந்து வந்தது?

தசமபாகம் என்றால் பத்தில் ஒரு பங்கு. கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் ‘பத்திலொரு பங்கு’ என்றே இருக்கும்.

வேதத்தில் ஆபிரகாம் ஒரு போரில் கிடைத்ததிலிருந்து மெல்கிசேதேக் என்ற ஆசாரிய ராஜாவுக்குப் பத்தில் ஒன்று கொடுத்தார். அது ஒரு தடவை நடந்தது. சட்டமாக ஆனது மோசே காலத்தில். இஸ்ரவேலின் மற்றக் கோத்திரங்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்தபோது லேவி கோத்திரத்துக்கு நிலப்பங்கு இல்லை. ஆலய வேலை அவர்களுடையது. அந்த வேலைக்கு ஈடாகத்தான் மற்றவர்களின் விளைச்சலில் பத்தில் ஒன்று என்கிறது எண்ணாகமம் 18ஆம் அதிகாரம். களத்து மேடு கண்முன் வருகிறதல்லவா? இதில் இன்னொன்று: லேவியரும் தாங்கள் வாங்கியதில் பத்தில் ஒன்றைப் பலி செலுத்தும் குருக்களான ஆசாரியருக்குக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவருக்கும் விலக்கு இல்லை.

பங்கு எதில் என்றால் தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடுமாடு. ஆடுகளைக் கோலின் கீழே ஒவ்வொன்றாக விட்டு எண்ணுவார்கள், பத்தாவதாக வருவதுதான் பங்கு.

உபாகமம் 14க்குப் போனால் ஓர் ஆச்சரியம். அங்கே சொல்லும் தசமபாகத்தைக் கொண்டுபோகிறவரே தன் குடும்பத்தோடு ஆலயத்தில் சாப்பிட வேண்டும். ஆலயம் தூரமாக இருந்தால் விளைச்சலை விற்றுப் பணமாக்கி எடுத்துப்போய், அங்கே மனசுக்குப் பிடித்ததை வாங்கிச் சமைத்துக் கொண்டாடலாம், ஊரில் உள்ள லேவியனை மட்டும் கைவிடக் கூடாது. மூன்றாம் வருடத்துப் பங்கு ஊரிலேயே தங்கும். லேவியருக்கும், வேற்றூரிலிருந்து வந்து தங்கிய பரதேசிக்கும், திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் அது சாப்பாடு. எண்ணாகமம் ஆயிரம் தடவை பிரசங்கமாகிறது. இந்த விருந்துத் தசமபாகத்தைப் பற்றி ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை. சபையார் சேர்ந்து உண்ணும் நம் ஊர் அசனப் பந்திக்கு வேதத்தில் இதைவிட நல்ல ஆதாரம் ஏது?

யூத மரபு இவற்றைத் தனித்தனிப் பங்குகளாக எண்ணியது. அப்படிக் கூட்டினால் பத்துச் சதவீதத்தைத் தாண்டிவிடும். ஏழாம் வருடம் நிலம் தரிசு, அந்த வருடம் தசமபாகமே இல்லை.

சரி, இதுவரை வந்தது இவ்வளவுதான்: தசமபாகம் விளைச்சலின் பங்கு, நிலமில்லாத ஆலய ஊழியருக்கும், விருந்துக்கும், ஏழைக்கும் போனது. மாதச் சம்பளத்துக்கென்று எழுதிய விதி அல்ல.

## பண்டசாலை என்பது ஒரு அறை

தசமபாகம் என்றதும் பலருக்கு மனப்பாடமாக வருவது மல்கியா தீர்க்கதரிசியின் புத்தகம் 3:10. ‘என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படித் தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்.’ வானத்தின் பலகணிகள் (ஜன்னல்கள்) திறக்கும் என்ற வாக்கும் அங்கேதான்.

பண்டசாலையை வங்கிக் கணக்கு மாதிரி நினைத்துக்கொள்கிறோம். டெல்டாக்காரர்களுக்கு அந்தக் குழப்பம் வரக் கூடாது. ஸ்ரீரங்கம் கோயிலின் நெல் கொட்டாரத்தையோ, பாபநாசம் அருகே திருப்பாலைத்துறையில் உள்ள நாயக்கர் காலத்து நெற்களஞ்சியத்தையோ ஒருமுறை போய்ப் பாருங்கள். பண்டசாலை அந்த மாதிரி ஒன்றுதான், ஆலயத்தில் தானியம் கொட்டிவைக்கும் அறை. அது காலியானால் என்ன ஆகும் என்பதை நெகேமியா 13 சொல்கிறது: பங்கு வராததால் லேவியர் ஆலய வேலையை விட்டுவிட்டு அவரவர் வயலுக்கு ஓடிப்போனார்கள். ஊழியம் நின்றது. ‘ஆகாரம் உண்டாயிருக்கும்படி’ என்ற சொல்லின் கனம் அங்கே இருக்கிறது.

இந்த வசனத்தைச் சீட்டுக் கம்பெனி விளம்பரம் மாதிரி படிப்பவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு ஆயிரம் போடு, அடுத்த மாதம் பத்தாயிரம் வரும் என்கிற தோரணை. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு தேசம் முழுவதையும் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. பலகணிகள் திறந்தால் விழுவது மழை. வயலில் பயிர் காய்ந்து கொண்டிருக்கும்போது வானம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அதே மல்கியா இரண்டாம் அதிகாரத்தில் ஆசாரியர்களைத்தான் முதலில் வெளுத்து வாங்குகிறார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

## இயேசுவும் பவுலும், அப்புறம் ராஜாக்களும்

இயேசு தசமபாகம் பற்றிப் பேசிய இடங்கள் மிகக் குறைவு. வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடத் தசமபாகம் கணக்குப் பார்த்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்களே என்று, வேதச் சட்டத்தைக் கறாராகப் பிடித்த பரிசேயரைக் கடிந்துகொண்டது அவற்றில் ஒன்று. அதைச் செய்யாதே என்றும் அவர் சொல்லவில்லை.

இயேசுவுக்குப் பின் ஊர் ஊராகச் சபைகளை நிறுவிய அப்போஸ்தலர் பவுல் அவற்றிடம் பணம் சேர்க்கும்போது பத்து என்ற எண்ணையே எடுக்கவில்லை. எருசலேமின் ஏழைகளுக்காக, வாரத்தின் முதல் நாளில் ‘வரவுக்குத் தக்கதாக’ எடுத்துவைக்கச் சொன்னார். ‘விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே’ என்பது அவர் வார்த்தை.

ஐரோப்பாவில் இது பின்னால் அரசாங்க வரியாகவே மாறியது. 779இல் பிராங்கியரின் ராஜா சார்லமேன் தன் ராஜ்யத்தில் தசமபாகத்தைச் சட்டமாக்கினார். பிரான்சில் 1789 புரட்சி அதை ஒழித்தது. இங்கிலாந்து 1836இல் தானியப் பங்கைப் பணமாக மாற்றியது. ஜெர்மனியில் இன்றும் திருச்சபை வரி உண்டு. வருமான வரி எவ்வளவோ அதில் 8 அல்லது 9 சதவீதம், அரசே பிடித்துக் கொடுத்துவிடும். நம் போதகர்கள் இன்னும் வருமான வரி அலுவலகத்தைத் துணைக்குக் கூப்பிடவில்லை என்பதில் சந்தோஷப்படலாம்.

இன்று சபைகள் ஒரே மாதிரி இல்லை. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் தசமபாகம் கடமை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சபைகளில் சந்தாவும் காணிக்கையும்தான் நடைமுறை, தசமபாகம் ஊக்கப்படுத்தப்படும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் திருச்சபையின் தேவைக்கு உதவுவது விசுவாசிகளின் கடமை என்கிறது, சதவீதம் சொல்வதில்லை.

## தரங்கம்பாடியில் பணம் கடல்வழி வந்தது

1706 ஜூலை 9 அன்று ஜெர்மானிய மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். அனுப்பியவர் டென்மார்க் ராஜா நான்காம் பிரடெரிக். ஊழியச் செலவு கோபன்ஹேகனிலிருந்தும் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்தும் பின்பு இங்கிலாந்திலிருந்தும் கப்பலில் வந்தது. பள்ளிக்கூடம், அச்சகம், 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் எல்லாம் அந்தப் பணத்தின் துணையில்தான். ஆக, இந்தப் பக்கத்துப் பழைய புரொட்டஸ்டண்ட் சபைகளுக்குக் கொடுக்கும் பழக்கம் பிறவியிலேயே வந்ததல்ல. தமிழ் லுத்தரன் திருச்சபை 1919இலும் தென்னிந்தியத் திருச்சபை 1947இலும் உருவாகி, சொந்தக் காலில் நிற்பது என்பது நேரடிப் பொறுப்பானது. சந்தாப் புத்தகத்தின் கறார் அங்கிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

பெண்கள் கண்ட வழி வேறு. உலையில் போட அரிசி களையும்போது ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துவைப்பது, பிடி அரிசிக் காணிக்கை. எங்கள் அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்ப்பார். வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் கை உள்ளே போய்வரும், பிடி மட்டும் சிறுத்திருக்கும். வரவுக்குத் தக்கதாக என்பதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம் அந்தப் பாட்டில்தான்.

## மொத்தத்திலா, மிச்சத்திலா?

இந்தக் கேள்வி வராத சபை இல்லை. கணக்குக்காக ஒரு ஏக்கர் வைத்துக்கொள்வோம். நெல் 45,000 ரூபாய்க்குப் போனது. உழவு, நடவு, உரம், அறுவடை மெஷின் சேர்த்து 30,000 செலவு. மொத்தத்தில் பத்தில் ஒன்று 4,500. மிச்சத்தில் பத்தில் ஒன்று 1,500. அந்த நிலம் குத்தகை நிலம், குத்தகை 8,000 என்றால் கையில் நிற்பது 7,000தான். 4,500 கொடுத்தால் பாதிக்கு மேல் போய்விடும்.

வேதத்தில் இதற்கு நேரான பதில் இல்லை. என் அபிப்பிராயம் மிச்சத்தில் என்பது. மாதச் சம்பளக்காரர் மொத்தத்தில் கொடுத்தால் நல்லது, அது அவர் மனது. பொருளாளர் கேட்கக் கூடாத கேள்வி இது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்று, ‘மாதா மாதம் தசமபாகக் கவர்’ என்பது சம்பளக்காரர்களுக்குத் தைத்த சட்டை. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை, அது கைக்கு வர ஐப்பசி ஆகும். சம்பா, தாளடிப் பணம் தைக்குப் பிறகு. நடுவில் உள்ள மாதங்களில் கவர் காலியாக வந்தால் அதை அவிசுவாசம் என்று படிக்கக் கூடாது.

## பையிலிருந்து பதிவேட்டுக்கு

இப்போது எப்படி வாங்குவது, எப்படி எண்ணுவது என்பதற்கு வருகிறேன். இதற்கும் பழைய கதை ஒன்று இருக்கிறது. வேதத்தில் வரும் யோவாஸ் ராஜா ஆலயத்தைப் பழுதுபார்க்கச் சொல்லி ஆசாரியரிடம் பணப் பொறுப்பை விட்டார். அவர் ஆட்சியின் 23ஆம் வருடம் வரை ஒரு செங்கல் நகரவில்லை. கடைசியில் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரம் போட்டுப் பலிபீடத்தண்டையில் வைத்தார். பெட்டி நிரம்பியதும் ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தர்) பிரதான ஆசாரியனும் இருவருமாக வந்து எண்ணிக் கட்டினார்கள். 2 இராஜாக்கள் 12இல் இருக்கிறது. உண்டியலும் இரட்டைக் கையெழுத்தும் அப்போதே வந்துவிட்டன. (வேலை செய்வித்தவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. அந்த ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்காட்டும் பொருளாளரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.)

நடைமுறை இவ்வளவுதான். ஆராதனை முடிந்ததும் உறவினரல்லாத இரண்டு பேர், முடிந்தால் மூன்று பேர், பையைச் சேர்ந்தே திறக்க வேண்டும். 500 எத்தனை, 100 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதி அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும். கவரில் எழுதியிருப்பதை அந்தந்த வகையில் பிரிக்க வேண்டும். திங்கட்கிழமை முழுத் தொகையும் சபையின் பெயரில் உள்ள கணக்குக்குப் போக வேண்டும். ‘கரண்ட் பில் 1,200 இதுலேயே எடுத்துக்கோங்க’ என்ற பேச்சே கூடாது. செலவு வங்கியிலிருந்து, ரசீதோடு. அடுத்த ஞாயிறு மொத்தத் தொகையை அறிவிக்க வேண்டும்.

நான் ஒருமுறை இதை மீறினேன். ஐப்பசி அடைமழை, என்னோடு எண்ண வேண்டிய அண்ணன் வரவில்லை. நனைந்த பத்து ரூபாய் நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. மின்விசிறிக்கு அடியில் பெஞ்சில் பரப்பி நானே எண்ணிக் கட்டிவிட்டேன். அடுத்த வாரம் ஒருவர், தான் ஸ்தோத்திரக் காணிக்கையாகக் கவரில் வைத்தது 2,000 என்றார். என் சீட்டில் 1,500. யார் சொன்னது சரி என்பது இன்றுவரை தெரியாது. 500 ரூபாயை என் கையிலிருந்து போட்டேன், அது இன்னும் தப்பாகப் போயிற்று. எடுத்தவன்தானே திருப்பி வைப்பான் என்று பேச்சு. பவுலே காணிக்கையைக் கொண்டுபோகும்போது சபைகள் தேர்ந்தெடுத்த ஆளைத் துணைக்கு வைத்துக்கொண்டார், ஒருவரும் குறை சொல்லாதபடிக்கு. அப்போஸ்தலருக்கே தேவைப்பட்ட துணையை மழை என்று நான் விட்டுவிட்டேன்.

கூகுள் பே வந்தபின் பாதி வேலை குறைந்தது, புது வேலை ஒன்று வந்தது. தூணில் ஒட்டிய கியூஆர் அட்டை யாருடைய கணக்குக்குப் போகிறது என்று பாருங்கள். போதகரின் சொந்த எண் என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அதைக் கழற்றச் சொல்ல வேண்டும். முதலில் அவருக்கே அது பாதுகாப்பு.

சுருக்கமாக: கொடுத்தவர் பெயர் மறைவில் இருக்க வேண்டும், எண்ணுவது வெளிச்சத்தில் நடக்க வேண்டும். பல இடங்களில் பெயரை மைக்கில் வாசித்துவிட்டுக் கணக்கைப் பீரோவில் பூட்டுகிறார்கள். மொய் என்று நான் சொன்னது இதைத்தான்.

## ஏலமும் பாக்கிப் பட்டியலும்

அறுப்பின் பண்டிகை எனக்கு மிகவும் பிடித்த நாள். புதுநெல் கதிர், பூவன் தார், பூசணி, கால் கட்டிய சேவல், யாரோ ஒரு குழந்தை கொண்டுவந்த மூன்று எலுமிச்சம்பழம், எல்லாம் பீடத்தின் முன்னால். ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் ஏலம். அறுபது ரூபாய்ப் பூசணி 800க்குப் போகும், வாங்கினவர் அதை மறுபடி சபைக்கே கொடுப்பார், மறுபடி ஏலம். சிரிப்பும் கும்மாளமுமாக நடக்கும்வரை இதில் தப்பே இல்லை. ‘உங்க அப்பா போன வருஷம் ஆயிரத்துக்கு எடுத்தாரே’ என்று கூட்டத்தில் ஒருவரைக் குறிவைத்துக் கூப்பிட ஆரம்பித்தால் அது வேறு விஷயம். ஏல பாக்கி என்று அடுத்த பண்டிகை வரை இழுக்கும் தொகைகள் எல்லாம் அப்படி வாயை விட்டவர்களுடையவை.

சந்தா பாக்கி இதைவிட மோசம். சந்தா கட்டாவிட்டால் சபைத் தேர்தலில் ஓட்டு இல்லை என்பது சங்க விதி மாதிரி, அதை ஏற்றுக்கொள்ளலாம். சாவு வீட்டில் வந்து பாக்கியைத் தீர்த்தால்தான் கல்லறைத் தோட்டத்தில் இடம் என்று நிற்பதை ஏற்க முடியாது. அப்படி ஒரு வாசலில் நான் நின்றிருக்கிறேன், பாக்கி 1,080 ரூபாய். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பம் கட்டியது.

## இன்னதுக்கு என்று சொல்லிக் கொடுத்தால்

கூரைக்கு என்று வாங்கியதைக் கூரைக்குத்தான் செலவழிக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது: குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும். பூசைக் கருத்துக்கு, அதாவது இன்ன வேண்டுதலுக்காகப் பூசை வைக்கச் சொல்லிக் கொடுக்கும் பணமும் அப்படியே. அது காணிக்கை, பூசையின் விலை அல்ல. வியாபாரம் என்ற தோற்றம்கூட வரக் கூடாது என்கிறது சட்டம். பங்குத்தந்தைக்கு உதவ ஒரு நிதிக்குழுவும் இருந்தாக வேண்டும். வேலை முடிந்து பணம் மிஞ்சினால் கொடுத்தவர்களிடமோ சபைக் கூட்டத்திலோ கேட்டு மாற்றலாம், கேட்காமல் மாற்றினால் வம்பு.

வரி விஷயம் சின்னதுதான். வழிபாட்டுக்கென்றே உள்ள சபைக்குப் போடும் காணிக்கைக்குப் பொதுவாக 80ஜி என்று பழகிய பேரில் உள்ள, நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு கிடையாது. சபை நடத்தும் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ தனி அறக்கட்டளையும் 80ஜி அனுமதியும் இருந்தால் அதற்குக் கொடுப்பதில் கிடைக்கும். அங்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இல்லை.

வெளிநாட்டுப் பணம் கொஞ்சம் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் டெல்டாவில் துபாயிலோ சிங்கப்பூரிலோ ஆள் இல்லாத தெரு கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் ஆகிவிடும். அப்போது சபை 2010ஆம் வருட வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிந்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புது தில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்கலாம். நம் கிராமச் சபைகளுக்கு இதெல்லாம் எங்கே இருக்கிறது?

எங்கள் சபையில் வளர்ந்த தம்பி ஒருவன் சிங்கப்பூரிலிருந்து ஆலய மணிக்கென்று பணம் அனுப்பக் கணக்கு எண் கேட்டான். ‘குடியுரிமை வாங்கிட்டியாப்பா?’ என்று கேட்டேன். வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. வேண்டாம் என்றேன். அவனுக்குக் கோபம், ஆறு மாதம் பேசவில்லை. அந்த வருட அறுப்பின் பண்டிகைக்கு அவன் அம்மா கொல்லையில் விளைந்த பூவன் தார் ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு வந்து பீடத்தின் முன் வைத்தார். வேப்பமரத்தடியில் அது 340 ரூபாய்க்குப் போனது. மணி நிதி என்ற தலைப்பில் முதல் வரியாக அதை எழுதி, பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டோம்.